தவறு யாருடையது? நேர்முகத் தேர்வின் நூறாண்டுக் கணக்கு

பட்டம் வாங்கி வேலை தேடிப் புறப்படும் இளைஞருக்குக் கிடைக்கும் அறிவுரைப் பட்டியல் எந்தக் கல்லூரியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நேரத்துக்குப் போ. தேய்த்த சட்டை போடு. ஷூவுக்குப் பாலிஷ் போடு. உட்காரச் சொன்ன பிறகு உட்கார். கண்ணைப் பார்த்துப் பேசு. ஆங்கிலத்தில் தடுமாறாதே. இறுதியாண்டில் இதற்கென்றே தனி வகுப்பும் பயிற்சியாளரும் மாதிரி நேர்முகமும் உண்டு. பட்டியலில் இருப்பவை எல்லாம் வேலை கேட்டு வருபவர் செய்யும் தவறுகள். வேலை கொடுப்பவர் செய்யும் தவறுகளுக்கு அதில் ஒரு வரிகூட இடமில்லை. ஆனால் நேர்முகத் தேர்வின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் கணக்கு தலைகீழாக இருக்கிறது. கடந்த நூறாண்டில் ஆய்வாளர்களும் ராணுவங்களும் நீதிமன்றங்களும் அரசுகளும் பெரும்பாடுபட்டுத் திருத்த முயன்றவை, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களின் தவறுகள். அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வதால் இளைஞருக்கு ஒரு நடைமுறைப் பயனும் இருக்கிறது. பட்டியலில் எது போன தலைமுறைக் கனவான்கள் விட்டுப்போன பழக்கம், எது உண்மையிலேயே தவிர்க்க வேண்டிய பிழை என்று அவர் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

நேர்முகத் தேர்வுக்கு முன்பு அதன் இடத்தில் இருந்தது சிபாரிசு. கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் பதவிகளுக்கு அதன் இயக்குநர்கள் உறவினர் வீட்டுப் பிள்ளைகளையும் நண்பர் வீட்டுப் பிள்ளைகளையும் பெயர் குறித்து அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகள் ஹெய்லிபரி கல்லூரியில் படித்துவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். 1853ஆம் ஆண்டின் சாசனச் சட்டம் இயக்குநர்களின் இந்த உரிமையைப் பறித்தது. மெக்காலே தலைமையிலான குழு 1854இல் திட்டம் வகுக்க, 1855இல் லண்டனில் முதல் போட்டித் தேர்வு நடந்தது. யார் பிள்ளை என்ற கேள்வியின் இடத்துக்கு என்ன எழுதினான் என்ற கேள்வி வந்தது. கீழ்நிலை வேலைகளில் சிபாரிசு இன்னும் பல காலம் நீடித்தது. சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தர் வேலை கேட்டு 1912 பிப்ரவரி 9ஆம் தேதி விண்ணப்பித்த சீனிவாச ராமானுஜன், மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் தந்த பரிந்துரையையும் உடன் வைத்தே அனுப்பினார். மார்ச் முதல் தேதி மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலையில் சேர்ந்தார். அவர் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர், மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் அவருடைய திறமை தெரிந்திருக்காது. அவருடைய கணிதத்தை அறிந்த ஒருவரின் சொல் அங்கே எடுபட்டது. சிபாரிசுக்குள் இருந்த ஒரே நியாயம் அதுதான்: வேலையைக் கண்ணால் பார்த்தவர் சாட்சி சொல்வது. அப்படிச் சாட்சி சொல்ல யாரும் இல்லாதவர் வாசலிலேயே நின்றுவிடுவார் என்பது அதன் அநியாயம்.

எழுத்துத் தேர்வு சிபாரிசை விரட்டியது, ஆனால் ஆள்பவர்களுக்கு மனநிறைவு தரவில்லை. நன்றாக எழுதுகிறவன் நம்மவனாக இருப்பானா என்ற உறுத்தல் அவர்களை விடவில்லை. இந்தியக் குடிமைப் பணிக்கான ஐ.சி.எஸ். தேர்வில் குதிரையேற்றமும் தேற வேண்டும் என்ற விதி அந்த உறுத்தலின் ஓர் அடையாளம். 1890இல் எழுத்துத் தேர்வில் தேறிய அரவிந்த கோஷ், குதிரையேற்றச் சோதனைக்குப் போகாததால் 1892இல் பணிக்குத் தகுதியற்றவராக ஒதுக்கப்பட்டார். அவர் வேண்டுமென்றே போகவில்லை என்பது வேறு விஷயம். மொழிகளில் தேர்ந்த ஒருவரைக் குதிரையை வைத்துக் கழிக்கலாம் என்று விதி இருந்ததே இங்கே கவனிக்க வேண்டியது. பிறகு 1917இல் ஸ்டான்லி லீத்ஸ் தலைமையிலான குழு பிரிட்டிஷ் குடிமைப் பணித் தேர்வில் 300 மதிப்பெண்ணுக்கு வாய்மொழித் தேர்வு வைக்கப் பரிந்துரைத்தது. பாடத்தைப் பற்றிக் கேட்பதற்கு அல்ல. துடிப்பையும் புத்திக்கூர்மையையும் பொதுவான நோக்கையும் அறிவதற்கு. இன்று நாம் அறிந்த நேர்முகத் தேர்வு இந்திய ஆட்சிப் பணிக்கு வந்த வழி இதுதான். துடிப்பு எப்படி இருக்கும், நல்ல நோக்கு எது என்பதற்கெல்லாம் அளவுகோல், குழுவில் அமர்ந்திருந்தவர்கள் படித்த பள்ளியும் வளர்ந்த வீடுமே. நாற்காலியில் எப்படி உட்காருகிறான், எந்த உச்சரிப்பில் பேசுகிறான் என்பவை அறிவின் அடையாளங்களாக மாறிய இடமும் அதுவே.

இந்த அளவுகோல் எவ்வளவு ஆட்டம் காண்கிறது என்பது சீக்கிரமே வெளிப்பட்டது. அமெரிக்க உளவியலாளர் ஹாலிங்வொர்த் 1922இல் வெளியிட்ட சோதனையில், விற்பனை வேலைக்கு வந்த 57 பேரை 12 மேலாளர்கள் தனித்தனியாகப் பேசிப் பார்த்து வரிசைப்படுத்தினார்கள். ஒருவர் முன்வரிசையில் வைத்த ஆளை இன்னொருவர் கடைசியில் தள்ளியிருந்தார். 1935இல் ஹார்டாக், ரோட்ஸ் என்ற இருவர் பிரிட்டனில் தேர்வு முறைகளை ஆராய்ந்தபோது, குடிமைப் பணி நேர்முகத்தைப் போலவே ஒன்றை நடத்திப் பார்த்தார்கள். அதே 16 பேர் தனித்தனியே சந்தித்த இரண்டு குழுக்களில், ஒரு குழு முதலிடம் தந்தவர் மற்றக் குழுவின் பட்டியலில் பின்வரிசையில் கிடந்தார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு குழுக்களிடமும் போனவர் ஒருவரே. ஒரே சட்டை, ஒரே குரல், ஒரே பழக்கம். தவறு அவருடையதாக இருந்தால் இரண்டு இடத்திலும் அவர் தோற்றிருக்க வேண்டும். ஒரு தராசு காலையில் ஒரு எடையும் மாலையில் வேறு எடையும் காட்டினால், பொருளைக் குறை சொல்ல யாரும் துணிவதில்லை.

முதலில் இதற்கு மாற்றுத் தேடியது ராணுவம், காரணம் அவசரம். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ராணுவம் அதிகாரிகளைச் சுருக்கமான நேர்முகத்தின் வழியே எடுத்தது. எந்தப் பள்ளி, அப்பா என்ன செய்கிறார், எந்த விளையாட்டு என்று கேட்டு எடுக்கப்பட்டவர்களில் பலர் பயிற்சியில் தேறாமல் திரும்பினார்கள். ஆகவே 1942இல் புதிய தேர்வுக் குழுக்கள் அமைக்கப்பட்டன. சில நாட்கள் ஓரிடத்தில் தங்கவைத்து, தலைவர் யார் என்று சொல்லாமலே ஒரு கூட்டத்திடம் ஒரு வேலையைக் கொடுத்து, யார் என்ன செய்கிறார் என்று உளவியலாளர்கள் கவனித்தார்கள். 1943இல் டேராடூனிலும் இந்த முறை சோதித்துப் பார்க்கப்பட்டது; இந்திய ராணுவத்தின் இன்றைய தேர்வு வாரியங்கள் அதிலிருந்து வளர்ந்தவை. ஒருவர் எப்படித் தெரிகிறார் என்பதிலிருந்து அவர் என்ன செய்கிறார் என்பதற்குத் தேர்வின் பார்வை இங்கே நகர்ந்தது. இதற்குப் பின் வந்த நல்ல திருத்தம் ஒவ்வொன்றும் அதே திசையில்தான் போயிருக்கிறது.

சுதந்திர இந்தியாவின் குடிமைப் பணித் தேர்வு இந்தப் பாடத்தை மெதுவாகத்தான் கற்றது. நேர்முகத்தில் குறைந்தபட்ச மதிப்பெண் எடுக்காவிட்டால் எழுத்துத் தேர்வில் எவ்வளவு எடுத்தும் பயனில்லை என்ற விதி 1957 வரை இருந்தது. 1951இல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்த முதல் பெண்ணான அன்னா ராஜம் ஜார்ஜ், ஆர்.என். பானர்ஜி தலைமையிலான குழுவின் முன் அமர்ந்தபோது, பெண்ணுக்குப் பொருத்தமானது வெளியுறவுப் பணி அல்லது மத்தியப் பணிகள் என்று சொல்லி அவரைத் திசைதிருப்பப் பார்த்தார்கள். அவர் இசையவில்லை. சென்னை மாநிலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து ஓசூரில் சப்-கலெக்டராகப் பணியைத் தொடங்கினார். இன்றைய அறிவுரைப் பட்டியலின்படி பார்த்தால் அவர் செய்தது தவறு. குழுவோடு வாதாடாதே என்றுதான் எந்தப் பயிற்சியாளரும் சொல்வார். ஆனால் அந்த அறையில் நடந்த பிழை எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதில் இன்று யாருக்கும் ஐயமிருக்காது.

இந்தப் பிழையைச் சட்டத்தின் மொழியில் சொன்னவை நீதிமன்றங்கள். அவற்றில் ஒரு முக்கிய வழக்கு தமிழ்நாட்டிலிருந்தே போனது. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 நேர்முகத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 1970இல் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது மிகையாகத் தெரிகிறது என்று கருத்துச் சொன்னது. அடுத்த பத்தாண்டில் ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி தொடர்பான அஜய் ஹாசியா வழக்கு வந்தது. எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50. ஒரு மாணவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான். அதிலும் பாடத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல் பெற்றோர் யார், எந்த ஊர் என்றுதான் கேட்டார்கள் என்பது மாணவர்களின் புகார். நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு, அத்தகைய சேர்க்கையில் நேர்முகத்துக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று தீர்மானித்ததோடு, நேர்முகத்தை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் யோசனை சொன்னது. 1985இல் அசோக் குமார் யாதவ் வழக்கில் ஹரியானா தேர்வாணையத்தின் நடைமுறை கூண்டில் நின்றது: 61 இடங்களுக்கு 1,300க்கும் மேற்பட்டோரை நேர்முகத்துக்கு அழைத்து, பொதுப் பிரிவினருக்கு 22.2 விழுக்காடு மதிப்பெண்ணை அதற்கு வைத்திருந்தார்கள். மத்தியத் தேர்வாணையம் வைத்திருந்த 12.2 விழுக்காட்டையே அளவாக நீதிமன்றம் காட்டியது. எழுத்தில் பின்தங்கியவரை நேர்முகத்தில் முன்னே தூக்கிவைக்கும் இடைவெளியை அடைப்பதே இந்தத் தீர்ப்புகளின் நோக்கம். 2015 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தபடி, மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளுக்கும் அரசிதழ் பதிவு பெறாத பி பிரிவுப் பணிகளுக்கும் 2016 ஜனவரி முதல் நேர்முகமே கைவிடப்பட்டதும் இந்த வரிசையில் வருவதுதான்.

அரசு வேலையில் சுருங்கிய நேர்முகம் தனியார் வேலையில் பெருகியது. 1990களுக்குப் பிறகு தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் வளாகத் தேர்வு, ஆப்டிட்யூட், குழு விவாதம், டெக்னிக்கல், எச்.ஆர். என்று சுற்றுச் சுற்றாக விரிந்தது. சென்னையின் தகவல் தொழில்நுட்பத் துறையை ஆராய்ந்த மானுடவியலாளர்கள் ஃபுல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும் 2006இல் எழுதிய கட்டுரையில், கிராமத்து மாணவர்களிடம் 'எக்ஸ்போஷர்' இல்லை என்று துறையினர் ஓயாமல் சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நகரத்தில், படித்த குடும்பத்தில், ஆங்கிலம் புழங்கும் வீட்டில் வளர்வதால் தானாக ஒட்டிக்கொள்ளும் ஒன்று, நேர்முக அறையில் தனிமனிதத் தகுதியாகக் கணக்கில் ஏறியது. அடுத்த ஆண்டே சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் நிறுவன மேலாளர்களிடம் பேசி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். திறமை ஒன்றே முக்கியம் என்று சொன்ன மேலாளர்களே குடும்பப் பின்னணியைக் கேட்பதையும் வழக்கமாக வைத்திருந்தார்கள். ஸ்ரீநகரில் நீதிமன்றம் வரை போன அதே கேள்வி, பன்னாட்டு நிறுவனத்தின் குளிரூட்டிய அறையில் சுமுகமான அறிமுகப் பேச்சாகத் திரும்பி வந்துவிட்டது. முதல் தலைமுறைப் பட்டதாரி அதற்குச் சொல்லும் தயக்கமான பதில் தன்னம்பிக்கைக் குறைவாகக் குறிக்கப்படுகிறது. பிறகு தன்னம்பிக்கை வகுப்பில் சேரும்படி அவருக்கே அறிவுரையும் கிடைக்கிறது.

இவ்வளவு சொன்னால் வரும் முதல் மறுப்பு, அப்படியானால் நேர்முகத்தையே ஒழித்துவிடலாமே என்பது. அது சரியல்ல. எழுத்துத் தேர்வில் தெரியாத சில பேச்சில் தெரியும்: கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்கிறாரா, தெரியாததை எப்படி எதிர்கொள்கிறார், தான் செய்ததைப் பிறருக்கு விளங்கும்படி சொல்லத் தெரிகிறதா. 1981இல் லீலாதர் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, நீதித்துறைப் பணிக்கு வரும் பக்குவப்பட்டவர்களுக்கு நேர்முகத்தில் 25 விழுக்காடு ஒதுக்கியதைத் தவறு என்று சொல்லவில்லை. அதே தீர்ப்பில் அவர் காட்டிய வேறுபாட்டைத்தான் நம் நிறுவனங்கள் கவனிக்கத் தவறுகின்றன: ஆளுமை இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் இளையவர்களுக்கு எழுத்துத் தேர்வுக்கே அதிக எடை தர வேண்டும். புதிய பட்டதாரி இருப்பது சரியாக அந்த வயதில். அவரிடம் போய் முதிர்ந்த ஆளுமையைத் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் அவர் வீட்டின் வசதிதான். ஆய்வும் நேர்முகத்தை முழுவதும் கைவிடச் சொல்லவில்லை, ஒழுங்குபடுத்தச் சொல்கிறது. பால் சாக்கெட் குழுவினர் 2022இல் பழைய ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது, எல்லாரிடமும் வேலை சார்ந்த ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவில் மதிப்பிடும் நேர்முகத்துக்கும் பின்னாளைய வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பு 0.42 என்று வந்தது; வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்முகத்துக்கு அது 0.19. அறை அதே, மேசை அதே. கேள்விகளைத் திருத்தியதில் வந்த வேறுபாடு இது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. வரலாறு எப்படியோ இருக்கட்டும், நாளைக்கு நேர்முகத்துக்குப் போகும் பிள்ளைக்கு அது சோறு போடாது. எதிரே இருப்பவர் சட்டையைப் பார்த்து முடிவு செய்பவராக இருந்தால் சட்டையைத் தேய்த்துப் போடுவதே புத்திசாலித்தனம் என்பார்கள். உண்மைதான். மெக்கில் பல்கலைக்கழகத்தில் வெப்ஸ்டர் நடத்தி 1964இல் வெளியிட்ட ஆய்வுகள், கேள்வி கேட்பவர்கள் தொடக்கத்திலேயே ஒரு முடிவுக்கு வந்துவிட்டு, மிச்ச நேரத்தில் அதற்கு ஆதாரம் தேடுவதைக் காட்டின. ஆகவே நேரத்துக்குப் போவதும் தூய்மையாக உடுத்துவதும் குறைந்த செலவில் கிடைக்கும் காப்பு; அதை விடச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் காப்பு காப்பாக இருக்கட்டும்; அதையே பயிற்சி முழுவதும் ஆக்குவதில்தான் குற்றம். இறுதியாண்டு மாணவரின் பயிற்சி நேரத்தில் பெரும்பகுதி கைகுலுக்கவும் உச்சரிப்பைத் திருத்தவும் போனால், தன் வேலையைப் பற்றிப் பேசுவதற்கான தயாரிப்பு கடைசி நாளுக்குத் தள்ளிப்போகிறது. இதில் இன்னொரு கேடும் இருக்கிறது. நூறு பேரும் ஒரே வகுப்பில் ஒரே வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு போனால், கேட்பவருக்கு அவர்களுக்குள் வேறுபாடு தெரிய வழியில்லை. பதில்கள் ஒன்றாக இருக்கும்போது அவர் மறுபடியும் உச்சரிப்பையும் தோற்றத்தையும்தான் பார்ப்பார். பழைய அளவுகோலிலிருந்து தப்பிக்கக் கற்ற பயிற்சி, மாணவரை அதனிடமே கொண்டுபோய் ஒப்படைக்கிறது.

ஆகவே பட்டியலைத் திருப்பி எழுத வரலாறே வழி சொல்கிறது. நூறாண்டாகத் தேர்வு முறை நகர்ந்துவந்த திசையில் பார்த்தால், உண்மையான தவறு என்பது கேட்பவருக்கு ஆதாரம் எதுவும் கிடைக்காமல் செய்வது. குழுவாகச் செய்த ப்ராஜெக்டைப் பற்றிக் கேட்டால் 'நாங்கள் செய்தோம்' என்று முடித்துவிடுவது அப்படிப்பட்ட தவறு. அதில் தான் எழுதிய பகுதி எது, எங்கே சிக்கல் வந்தது, என்ன முடிவு எடுத்தேன், அதனால் என்ன ஆயிற்று என்று வரிசையாகச் சொல்பவர், கேட்பவர் குறித்துக்கொள்ள நாலு விஷயம் தருகிறார். 'கடின உழைப்பாளி, எதையும் சீக்கிரம் கற்பேன்' என்று குணங்களை அடுக்குவது இரண்டாவது தவறு. நிகழ்ச்சி சொல்லாத குணத்தை யாரும் நம்புவதில்லை. கற்றுப்பார்க்காத மென்பொருளின் பெயரைச் சுயவிவரத்தில் போடுவதும், தெரியாத கேள்விக்குச் சுற்றி வளைப்பதும் மூன்றாவது. தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்ததிலிருந்து எப்படி யோசிப்பேன் என்று காட்டினால் அதுவும் ஓர் ஆதாரம்தான். அந்த நிறுவனம் என்ன செய்கிறது, இந்த வேலையில் முதல் ஆறு மாதம் என்ன எதிர்பார்ப்பார்கள் என்று அறியாமல் போவது நான்காவது. இவை எதற்கும் ஆங்கிலப் பள்ளியோ நகரத்து வீடோ தேவையில்லை. செய்த வேலையும் அதை ஒழுங்காகச் சொல்லிப் பழகிய சில மாலைகளும் போதும். குடும்பத்தைப் பற்றிய கேள்வி வந்தாலும் ஒரு வரியில் மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு, பேச்சைத் தன் வேலைக்குத் திருப்பும் உரிமை விண்ணப்பதாரருக்கு உண்டு.

இதில் கல்லூரிகளுக்கும் நிறுவனங்களுக்கும் பங்கு இருக்கிறது. மாதிரி நேர்முகத்தில் மாணவரின் உடல்மொழிக்கு மதிப்பெண் போடும் தாளில், அவர் சொன்ன சான்றுகளை எண்ணவும் ஒரு கட்டம் சேர்ப்பது கல்லூரிக்குக் கடினமில்லை. எல்லாரிடமும் ஒரே கேள்வி, கேட்கும் முன்பே எழுதிவைத்த மதிப்பீட்டு அளவு, குடும்பம் ஊர் பற்றிய கேள்விக்குத் தடை ஆகியவற்றை நடைமுறைக்குக் கொண்டுவர நிறுவனங்களுக்குப் பெரிய செலவும் இல்லை. நல்ல ஆள் கிடைக்கவில்லை என்று வளாகத் தேர்வுக் காலம்தோறும் எழும் புலம்பலில் ஒரு பகுதியாவது, நல்ல ஆளை அடையாளம் காணத் தெரியாததன் விளைவு. அதுவரை புதிய பட்டதாரி ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்: ஒரு நேர்முகத்தில் தேறாமல் போவது அவருடைய தகுதி பற்றிய தீர்ப்பு ஆகாது. அதே 16 பேரை இரண்டு குழுக்கள் இரண்டு விதமாக வரிசைப்படுத்திய கருவி அது. தன் பக்கத்துத் தவறைத் திருத்திக்கொண்டு அடுத்த குழுவின் முன் போய் உட்காருவதும், அந்தப் பக்கத்துத் தவறைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பதும் அவர் கற்க வேண்டிய இரண்டு பாடங்கள். இன்றைய வகுப்புகளில் முதலாவது பாதி நடக்கிறது. இரண்டாவது இன்னும் தொடங்கவேயில்லை.